காபி சாப்பாட்டில் சேர்த்தி இல்லை

கேத் லேப் வாசல் சுவரில் நான் மாட்டி வைத்திருந்த பலகையைக் கழற்றிவிட்டார்களாம். பெயின்ட் அடிக்க வந்தவர் கழற்றியிருக்கிறார். திரும்ப மாட்டுவதா வேண்டாமா என்று கேட்க, இப்போதைய இன்சார்ஜ் சிஸ்டர் ஜெயந்தி எனக்குப் போன் செய்தாள்.

"சிஸ்டர், 'காபி, டீ குடித்திருந்தால் முதலிலேயே சொல்லவும், யாரும் திட்ட மாட்டோம்'னு ஒரு போர்டு இருக்குல்ல, அது இன்னும் வேணுமா? அந்த மருந்தையே இப்ப நாம போடறதில்லையே. வர்றவங்க படிச்சிட்டுச் சிரிக்கிறாங்க."

எடுத்துவிடு என்றேன். தேவை முடிந்த பொருளைச் சுவரில் தொங்கவிட நாம் ஒன்றும் மியூசியம் நடத்தவில்லை. ஆனால் அவள் விடவில்லை. "காபி சரி, அது என்ன 'யாரும் திட்ட மாட்டோம்'?" என்று கேட்டாள். அதற்குப் போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் அவள் டூட்டி கெட்டுவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் சங்கரன்கோவில்காரி. பாளையங்கோட்டையில் நர்சிங் படித்து, மதுரையில் சில வருடம் வார்டு பார்த்து, மைன்ஸில் மெக்கானிக்காக இருந்தவருக்குக் கழுத்தை நீட்டி, நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மந்தாரக்குப்பம் ரோட்டில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே கேத் லேப் வந்தபோது, 'இந்தம்மா மயங்கி விழ மாட்டாங்க' என்ற ஒரே தகுதிக்காக என்னைச் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கை அல்லது தொடை வழியாக இருதயம் வரை மெல்லிய குழாயைச் செலுத்தி, ரத்தக்குழாய்களை எக்ஸ்ரே படமாகப் பார்த்து, அடைப்பு இருந்தால் ஸ்டென்ட் என்கிற கம்பிவலையை வைக்கும் அறைதான் கேத் லேப். கதிர்வீச்சு படாமலிருக்க நாங்கள் ஈயம் வைத்த ஏப்ரன் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியில் பென்ஷன் கிடையாது. முதுகுவலிதான் எனக்கு மாதாமாதம் தவறாமல் வருகிறது.

ஆரம்பத்தில் எல்லாம் கண் கணக்குதான். படத்தைப் பார்த்து ஒரு டாக்டர் எழுபது சதவீத அடைப்பு என்பார், அதே படத்தைப் பார்த்து இன்னொருவர் ஐம்பது என்பார். இருவருமே கெட்டிக்காரர்கள். ஆனால் படுத்திருக்கிறவனுக்கு எழுபது என்றால் ஸ்டென்ட், ஐம்பது என்றால் மாத்திரை. படத்தில் பயங்கரமாகத் தெரிகிற சுருக்கம் ரத்தத்தைத் தாராளமாக விடும், சாதுவாகத் தெரிகிற சுருக்கம் கழுத்தை நெரிக்கும். எது எப்படி என்று கண்ணால் சொல்ல முடியாது.

ரெண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு டாக்டர் கருணாகரன் வந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். அவரோடு ப்ரெஷர் ஒயரும் எங்கள் லேபுக்கு வந்தது. தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். நுனிக்குப் பக்கத்தில் ரத்த அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கும். அடைப்புக்கு முன்னால் எவ்வளவு அழுத்தம், அடைப்பைத் தாண்டிய பிறகு எவ்வளவு அழுத்தம் என்று பார்த்து, பின்னதை முன்னதால் வகுத்து, நூற்றுக்கு எவ்வளவு என்று பார்த்தால் ஒரு எண் வரும். முன்னால் நூறு இருந்து பின்னால் எண்பதுக்கு மேல் இருந்தால் மாத்திரை போதும். எண்பதோ அதற்குக் கீழோ என்றால் ஸ்டென்ட் பற்றி யோசிக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

ஆனால் இவ்வளவுதானே என்று நினைத்து அவசரப்பட்டால் எண் பொய் சொல்லும். ஒயரைச் சுருளில் இருந்து எடுக்கும் முன்பே சலைன் விட்டு நனைக்க வேண்டும், அளவைச் சைபரில் நிறுத்த வேண்டும். உள்ளே போனதும் சென்சாரைக் குழாயின் வாய்க்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தி, குழாய் காட்டும் அழுத்தமும் ஒயர் காட்டும் அழுத்தமும் ஒன்றேதானா என்று பார்த்துச் சமன் செய்ய வேண்டும். ஒயரை நுழைக்க உதவிய ஊசியை அதற்கு முன்பே உருவிவிட வேண்டும். மறந்தால் அந்த இடுக்கில் அழுத்தம் கசியும், சமன் என்று நாம் நம்பியது சமனாக இருக்காது. பிறகுதான் அடைப்பைத் தாண்ட வேண்டும். அப்புறம் அடினோசின் என்ற மருந்தைக் கை நரம்பில் ஏற்றுவோம். அது இருதயத்தின் சின்னச் சின்னக் குழாய்களை முழுசாக விரித்து ரத்த ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகும். ஓடும்போதோ ஏணி ஏறும்போதோ இருதயத்துக்கு எவ்வளவு ரத்தம் தேவையோ, அந்த நிலையைப் படுத்த படுக்கையில் வரவழைப்பது. அந்த உச்சத்தில் வருகிற மிகக் குறைந்த எண்தான் கணக்கு. கடைசியில் ஒயரைப் பின்னுக்கு இழுத்து, ரெண்டு அழுத்தமும் மறுபடி ஒன்றாகக் காட்டுகிறதா என்று பார்ப்போம். காட்டவில்லை என்றால் முதலில் இருந்து ஆரம்பம்.

டாக்டர் கருணாகரனிடம் ஒரு வினோதப் பழக்கம். மருந்து ஏற ஆரம்பித்ததும் எண் தெரிகிற திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். பேஷன்ட் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நம்பர் சொல்லுங்க சிஸ்டர்."

சொல்வேன்.

"மறுபடி."

மறுபடி சொல்வேன். அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்ப்பார். முதல் மாதத்தில் எனக்கு எரிச்சலாக வந்தது. திரைதான் எதிரே இருக்கிறதே, நான் என்ன கிளிப்பிள்ளையா? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கண்ணுக்கு ஆசை இருக்குதுங்க சிஸ்டர். ஸ்டென்ட் வெச்சிரலாமுன்னு மனசுல நினைச்சுட்டா எண்பத்தொண்ணுகூட எழுபத்தொம்பதாத் தெரியும். உங்களுக்கு அந்த ஆசை கிடையாதுங்க, சீக்கிரம் முடிஞ்சா வீட்டுக்குப் போலாங்கற ஆசைதான்."

அது உண்மைதான். எனக்குக் கோபம் வரவில்லை.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நல்ல சேதி, கெட்ட சேதி இரண்டையும் ஒரே தொனியில் சொல்வார். ஒரே ஒரு பலவீனம். பேஷன்டுக்கு எல்லாவற்றையும் விளங்கவைத்தே தீருவார். படம் போட்டுக் காட்டுவார், உதாரணம் சொல்வார். 'சார் சொன்னா சரிங்க' என்று எழுந்து போகிறவனையும் உட்காரவைத்துச் சொல்வார். அந்தப் பழக்கம் ஒரு தடவை அவர் காலையே வாரிவிட்டது.

முருகையன் பக்கத்தில் இருக்கிற வடக்குத்து ஊர்க்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. சுரங்கத்துக்கு அடியில் இருக்கிற ஊற்றுத் தண்ணீர் பீறிட்டு மேலே வராமல் இருக்க ராத்திரி பகலாகப் பம்பு ஓட வேண்டும். அந்தப் பைப் லைன்களைப் பார்த்துக்கொள்கிற ஆட்களில் ஒருவர். சுரங்கத்தில் இருந்து மேலே ஏறி வரும்போது நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது என்று வந்தார். படம் எடுத்தோம். இருதயத்தின் முன்பக்கத்துப் பெரிய குழாயில் நடுவில் ஒரு சுருக்கம். படத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாத ரகம்.

"ஒயர் போட்டுத்தான் பார்க்கணுமுங்க" என்றார் டாக்டர்.

ஒயர் போடுகிற நாள் காலையில் மணிக்கட்டைச் சுத்தம் செய்யும்போது முருகையன் மெல்ல ஆரம்பித்தார். "சிஸ்டர், ஒண்ணு கேக்கட்டுங்களா? ஸ்டென்ட் வெச்சா வெளிய தெரியுங்களா?"

"சட்டையைக் கழட்டினாலும் தெரியாது."

"அது இல்லீங்க. மெடிக்கல்ல தெரியுங்களா?"

விஷயம் அப்போதுதான் புரிந்தது. பதினெட்டு வருடமாகக் கான்ட்ராக்டில் இருக்கிறவர். பர்மனென்ட் ஆக்குகிற லிஸ்டில் இந்தத் தடவை அவர் பெயர் வருகிறது. அடுத்த மாதம் அதற்கான உடல் தகுதிப் பரிசோதனை, அதுதான் மெடிக்கல்.

"ஹார்ட்டுல ஸ்டென்ட்டுன்னு தெரிஞ்சா கழிச்சிடுவாங்கன்னு பசங்க சொல்லிகினு இருக்கானுங்க. நீங்கதான் சார்கிட்ட சொல்லணும், ஸ்டென்ட்டு மட்டும் வாணாம்னு."

"நானோ சாரோ சொல்லி ஒண்ணும் ஆகாது. ஒயர் என்ன சொல்லுதோ அதான். சரி, ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"பச்சத் தண்ணி பல்லுல படலீங்க."

அன்று ஒயர் எந்தத் தகராறும் செய்யவில்லை. ஊசியை உருவினோம், சமன் செய்தோம், சுருக்கத்தைத் தாண்டினோம். மருந்து ஏறியது. டாக்டர் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

இந்த மருந்து ஏறினால் ரெண்டொரு நிமிடத்துக்கு நெஞ்சு இறுக்கும், மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும், முகம் சூடாகும். நாங்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். அப்படியும் தைரியசாலிகள்கூட 'யம்மா' என்பார்கள். முருகையன் கூரையைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருந்தார்.

"ஏதாச்சும் செய்யுதுங்களா?"

"ஒண்ணும் இல்லீங்க சார். ஏசிதான் கொஞ்சம் சில்லுனு இருக்கு."

"ம். நம்பர் சொல்லுங்க சிஸ்டர்."

"எண்பத்தாறு."

"மறுபடி."

"எண்பத்தாறு."

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார், மறுபடி முருகையன் முகத்தைப் பார்த்தார். "காலைல ஏதாச்சும் சாப்பிட்டாருங்களா?" என்றார் என்னிடம். இல்லை சார் என்றேன். சிலருக்கு உண்மையிலேயே அவ்வளவாக ஒன்றும் செய்யாது. அப்படிப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறோம். எண்பத்தாறு என்றால் ஸ்டென்ட் தேவையில்லை. முருகையனுக்கு அது காதில் விழுந்ததும் படுத்தபடியே கண்ணீர் காதுக்குள் வழிந்தது. நான்தான் பஞ்சால் துடைத்துவிட்டேன்.

"வீட்டம்மாகிட்டச் சொல்லிருங்க சிஸ்டர், நான் வந்து பேசறேன்" என்று டாக்டர் எழுதப் போய்விட்டார்.

வெளியே அவர் மனைவி அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். டவுன்ஷிப்பில் ரெண்டு குவார்ட்டர்ஸ் வீட்டில் வேலை செய்கிறவள். ஸ்டென்ட் வேண்டாமாம் என்றதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா சிஸ்டர். பாவங்க, நேத்து ராத்திரிலேர்ந்து கொலப்பட்டினி. எழுந்ததும் ஒரு சொம்பு காபி குடிச்சாரு, பொறப்படறப்ப இன்னொரு டம்ளரு. அத்தோட சரி."

"என்ன குடிச்சாரு?"

"காபிங்க."

"சாப்பிடலைன்னு சொன்னாரேம்மா!"

அஞ்சலை என்னை விவரம் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "காபி இன்னா சாப்பாடாங்க?"

இந்த ஊரில் அது பொய்யே இல்லை. எங்கள் சங்கரன்கோவிலிலும் அப்படித்தான். விரதம் இருக்கிறவர்கள் காபி குடிப்பார்கள், ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வா என்றால் காபி குடித்துவிட்டு வெறும் வயிற்றோடு வருவார்கள். காபி சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. மற்ற டெஸ்டுகளுக்கு அது பெரிய பாதகமில்லை. ஆனால் இந்த ஒரு மருந்துக்குக் காபியும் டீயும் பரம எதிரி. மருந்து போய் உட்கார வேண்டிய இடத்தில் காபி முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்ளும். மருந்து சும்மா ஓடிப் போய்விடும். குழாய்கள் விரியாது, ஓட்டம் உச்சத்துக்குப் போகாது, எண் நல்லபடியாகத்தான் காட்டும்.

உள்ளே போய்ச் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நாம சாப்பாட்டைக் கேட்டோமுங்க. அவர் சாப்பாட்டுக்குப் பதில் சொன்னாரு" என்றார். அவ்வளவுதான் அவர் கோபம். அதற்கு முன்னால் நல்ல எண் வாங்கிப் போனவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காபி விசாரணை நடத்தியது தனிக்கதை.

பிறகு இரண்டு பேரையும் உட்காரவைத்து விளக்க ஆரம்பித்தார். முருகையன் பம்பு லைன் ஆள் என்பதால் டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தாளில் ஒரு பைப் வரைந்தார். அடைப்புக்கு இந்தப் பக்கம் ஒரு ப்ரெஷர் கேஜ், அந்தப் பக்கம் ஒரு கேஜ்.

"வால்வைக் கால்வாசி தொறந்து வெச்சுட்டுப் பார்த்தா உங்களுக்கு அடைப்பு தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க. ரெண்டு கேஜும் ஒண்ணாத்தான் காட்டும். ஃபுல்லா தொறந்து வுட்டாத்தான் அந்தாண்ட கேஜு எறங்கும்."

"அதேதானுங்க. இந்த மருந்துதான் வால்வைத் தொறக்குது. காபி குடிச்சா வால்வு தொறக்காது. மூச்சு முட்டற மாதிரி இருக்கும்னு சொன்னோம்ல, அது வந்தாத்தான் தொறந்திருக்குதுன்னு அர்த்தம். உங்களுக்கு அது வரவேயில்லைங்க."

இப்படி ஒரு பேஷன்ட் அவருக்கு வாய்த்ததே இல்லை. ஒரு வார்த்தை வீணாகாமல் முருகையனுக்குப் புரிந்தது. அடுத்த வாரம் மறுபடி, அதற்கு முன் ஒரு நாள் முழுக்கக் காபி, டீ, கோலா எதுவும் கூடாது என்று சொல்லி அனுப்பினோம். வாசலைத் தாண்டும்போது அவர் அஞ்சலையிடம், "உன் வாய வெச்சிகினு சும்மா இருந்திருக்கலாம்ல" என்றது எனக்குக் கேட்டது.

அடுத்த வாரம் வந்தார்கள். நானே முதல் ஆளாகக் கேட்டேன். "காபி?"

"ஐயோ, அந்தப் பேச்சே வாணாம் சிஸ்டர்" என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். அஞ்சலையைப் பார்த்தேன். "வூட்டுல போடவே இல்லீங்க, நானும் குடிக்கல" என்றாள். அவள் சொன்னது சத்தியம்.

மறுபடி மணிக்கட்டு, மறுபடி ஒயர், மறுபடி சமன். மருந்து ஏறியது. டாக்டர் திரைக்கு முதுகைக் காட்டி நின்றார். முதல் நிமிடம் தாண்டவில்லை, முருகையன் ஆரம்பித்துவிட்டார்.

"சார்! முட்டுது சார்! நெஞ்சு இறுக்குது... யம்மா... மூச்சு வரல..."

தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், கண்ணை உருட்டினார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நம்பர் சொல்லுங்க சிஸ்டர்."

"எண்பத்தேழு."

"துடிப்பு?"

"எழுபத்திரண்டு சார். மருந்துக்கு முன்னாடியும் எழுபத்திரண்டுதான்."

"பி.பி.?"

"அசையலை சார்."

மூச்சு முட்டுகிறவனுக்குத் துடிப்பு ஏறும். இந்த மருந்துக்கு ரத்த அழுத்தம் இறங்கும். இரண்டும் குவார்ட்டர்ஸ் மாமி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தன. டாக்டர் முருகையன் காதுப் பக்கம் குனிந்தார்.

"காபியா, டீயாங்க?"

ஆட்டம் நின்றது.

"காபிங்க சார். மந்தாரக்குப்பம் கடையில. ரெண்டு ஸ்ட்ராங்கு, சக்கர இல்லாம."

எனக்கு வந்த ஆத்திரத்தில் டவுன்ஷிப் பேச்செல்லாம் பறந்துவிட்டது. "என்னய்யா ஆட்டம் காட்டுதீரு! நெஞ்சுக்குள்ள ஒயரை வச்சுக்கிட்டு நாடகமா போடுதீரு? இங்க என்ன கூத்தா நடக்கு?"

டாக்டர் ஒரு விரலை உயர்த்தினார். நான் வாயை மூடினேன்.

"முருகையன், நான் உங்களைத் திட்டலைங்க. எப்படிச் செய்யறதுன்னு நான்தான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன்." அதே தொனி, அதே மெல்லிய குரல். "இப்ப கேளுங்க. வேற ஒரு மருந்து இருக்குது. நேரா அந்தக் குழாய்க்குள்ளயே போடறது. அது காபிக்கு அடங்காது. துடிப்பு தாறுமாறாப் போகறதுக்குக் கொஞ்சம் வாய்ப்பிருக்கு, அதுக்குத் தயாராத்தான் இருப்போம். போட்டா உண்மை நம்பர் வரும். வேண்டாம்னா சொல்லுங்க, இப்பவே ஒயரை எடுத்துடறேன். ஆனா எண்பத்தேழுன்னு எழுதித் தர மாட்டேனுங்க. டெஸ்ட் முடியலைன்னுதான் எழுதுவேன்."

"போட்டா நம்பர் கொறையுங்களா?"

"தெரியாதுங்க."

முருகையன் கண்ணை மூடிக்கொண்டார். பதினெட்டு வருடம் அந்த மூடிய கண்ணுக்குள் ஓடியிருக்கும். எனக்கு ஆத்திரம் அடங்கிப் பாவமாக இருந்தது. சாதாரணமாக நான் பேஷன்ட் விஷயத்தில் அப்படி உருகுகிறவள் இல்லை. அன்று உருகினேன்.

"சிஸ்டர், நீங்க இன்னா சொல்றீங்க?"

"பர்மனென்ட் ஆர்டர் வந்தா கையெழுத்துப் போட்டு வாங்க ஆளு இருக்கணும்லா?"

பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார். "கேஜ்ல நானே கைய வெச்சிட்டேன். லைன்ல எவனாவது இப்பிடிப் பண்ணா நானே செருப்பால அடிப்பேன்." கண்ணைத் திறந்தார். "போடுங்க சார்."

பாப்பாவரின் என்ற அந்த மருந்து ஆபரேஷன் தியேட்டரில் இருந்தது. வரவழைத்தேன். ஷாக் கொடுக்கிற மெஷினைக் கட்டிலை ஒட்டி நகர்த்தி வைத்தேன். டாக்டர் குழாய் வழியாக மருந்தை மெதுவாகச் செலுத்திவிட்டுத் திரும்பிக்கொண்டார். இந்தத் தடவை எண் நிற்கவில்லை. எண்பத்தைந்து, எண்பத்தொன்று, எழுபத்தெட்டு என்று படியிறங்கியது.

"நம்பர் சொல்லுங்க சிஸ்டர்."

"எழுபத்திநாலு."

"மறுபடி."

"எழுபத்திநாலு சார்."

"மறுபடி."

அவர் மூன்றாம் தடவை கேட்டு நான் அன்றுதான் பார்த்தேன். ஆசை அவருக்கும் இருந்தது. நானும் மூன்றாம் தடவை அதையேதான் சொன்னேன்.

முருகையன் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குத்தான் எண்பது கணக்கு தெரியுமே. ஒயரைப் பின்னுக்கு இழுத்து அளவு தவறவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மறுபடி முன்னால் செலுத்தி, அதே ஒயர் மேலேயே ஸ்டென்டை ஏற்றி வைத்தோம். பலூன் விரியும்போது மட்டும் அவருக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தது. அப்போது ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

முடிந்ததும் மறுபடி மருந்து போட்டு அளந்தோம். டாக்டர் என்னிடம் கேட்கவில்லை. திரையைப் பிடித்து முருகையன் பக்கமாகத் திருப்பினார்.

"நீங்களே படிங்க."

"தொண்ணூத்தி... ஒண்ணு."

"மறுபடி."

"தொண்ணூத்தொண்ணு." கொஞ்சம் யோசித்தார். "சார், மெடிக்கலுக்கு இந்த நம்பர எழுதிக் குடுப்பீங்களா?"

டாக்டர் சிரித்தார். "எழுதறேனுங்க. கூடவே எழுபத்திநாலையும் எழுதுவேன்."

மெடிக்கல் நடந்த தேதியில் முருகையன் ஓய்வில் இருந்தார். பாரம் தூக்கக் கூடாது, ஏறக் கூடாது என்று எழுதிக் கொடுத்தது நாங்கள்தான். லிஸ்ட் அவர் இல்லாமலே போய்விட்டது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பிறகு கான்ட்ராக்டிலேயே நர்சரித் தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற வேலை கிடைத்தது. நெஞ்சு வலி திரும்ப வரவில்லை.

மாதாமாதம் மாத்திரை வாங்க அஞ்சலைதான் வருவாள். ஒருநாள் அவளாகவே சொன்னாள். "வூட்டுல காபி போடறதையே வுட்டுட்டேங்க. டம்ளரப் பார்த்தாலே மூஞ்சியத் திருப்பிகினு போறாரு. திட்டினாக்கூடப் பரவால்லீங்க, திட்டவும் மாட்டேங்கறாரு. அன்னிக்கு நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா அவரு பர்மனென்ட் ஆயிருப்பாருல்ல?"

"ஆயிருப்பாரு. எத்தனை நாளைக்குன்னு கேளு" என்றேன்.

அது அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் அவளுக்கு ஆறவில்லை. மாத்திரையை எண்ணி அவள் கையில் கொடுத்தேன். வருத்தமாக இருந்தது, அடுத்த பேஷன்டைக் கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பலகை வந்தது. திட்ட மாட்டோம் என்ற வரி எனக்காக நானே எழுதிக்கொண்டது. நான் திட்டுகிறவள் என்று ஊருக்கே தெரியும், திட்டுகிறவளிடம் யாரும் காபியைச் சொல்ல மாட்டார்கள். டாக்டரும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டார். ஒயர் போடும் முன் எல்லோரிடமும், "எந்த நம்பர் வந்தா உங்களுக்கு நல்லதுங்க?" என்று கேட்பார். வேலை, மகள் கல்யாணம், லாரி லைசென்ஸ் என்று ஆளுக்கொரு பதில் வரும். அதைக் கேட்டுக்கொண்டுதான் திரைக்கு முதுகைக் காட்டுவார்.

நான் வேலையை விடுவதற்குச் சில மாதம் முன்பு புது மெஷின் வந்தது. அதற்கு மருந்தே வேண்டாம். இருதயம் சும்மா துடிக்கும்போதே, துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் ஒரு சின்ன நேரத்தில் அழுத்தத்தைப் பிடித்து எண் சொல்லிவிடும். மருந்து இல்லை என்றால் மூச்சுமுட்டல் இல்லை, காபித் தகராறும் இல்லை.

அந்தச் சமயத்தில் ஒரு காலை, நர்சரியில் கூட வேலை செய்கிற ஒருவரை அழைத்துக்கொண்டு முருகையன் வந்தார். தலை நரைத்திருந்தது, ஆள் நன்றாக இருந்தார். நான் பேஷன்டிடம் வழக்கம் போல, "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் முருகையன் பெஞ்சில் இருந்து குரல் கொடுத்தார்.

"காபி குடிச்சானான்னு கேளுங்க சிஸ்டர். நாங்கள்லாம் காபிய சாப்பாட்டுல சேக்க மாட்டோம்."

"இப்ப அது வேண்டாம்யா. புது மெஷின் வந்துட்டு. மருந்தே கிடையாது. குடம் நிறைய காபி குடிச்சிட்டு வந்தாலும் உள்ளதைச் சொல்லிரும்."

முருகையன் எழுந்து நின்றுவிட்டார். பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு இந்த மெஷினு இருந்திருந்தா?"

"அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். முதல் தடவையே."

"அஞ்சல வாயத் தொறக்கலன்னாலும்?"

"அவ ஊமையா இருந்திருந்தாலும்."

பிறகு சட்டைப் பையில் இருந்து போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். எங்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரித்தான் பேசினார்.

"ஏ அஞ்சல... ஒண்ணும் இல்ல, அவன் நல்லாத்தான் இருக்கான். நீ சாயங்காலம் பால் வாங்கி வை. காபி போடு... ஆமா, காபிதான். ரெண்டு பேருக்கும்."